துவாலுவின் மாலைநேர ஓடுதளம்

கேள்வி: துவாலு நாட்டில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?

பதில்: பசிபிக் கடலில் ஒன்பது குட்டித் தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர். மலை, ஆறு எதுவும் இல்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும்.

ஆனால் மாலையில் ஃபுனாஃபுட்டி விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள்! 1943-இல் அமெரிக்கப் படை போட்ட அந்த ஓடுதளம்தான் ஊருக்கே மைதானம். ஒரு பக்கம் வாலிபால், இன்னொரு பக்கம் ரக்பி, நடுவில் பைக்கில் காற்று வாங்கும் குடும்பங்கள். புழுக்கமான இரவில் பாய் விரித்துத் தூங்குவதும் உண்டு. விமானம் வந்தால் சைரன் ஊதும். உடனே எல்லோரும் விலகிவிடுவார்கள். நம்மை வரவேற்க ஓடுதளத்தையே காலி செய்து கொடுக்கும் ஊர் வேறெங்கே இருக்கிறது?

ஃபாதேலே நடனத்தைத் தவறவிடாதீர்கள். மரப்பெட்டியில் தட்டும் தாளம் மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி, உச்சத்தில் சட்டென நிற்கும்.

ஆனால் இந்த நாட்டின் மிக உயரமான இடமே ஐந்து மீட்டரைத் தொடாது. புவி வெப்பமாதலால் கடல்மட்டம் உயர, உப்புநீர் ஏறி, புலாக்கா கிழங்கு பயிரிடும் குழிகள் கெடுகின்றன. அந்த வெப்பமாதலில் துவாலு மக்களின் பங்கு மிகமிகச் சொற்பம், அடி மட்டும் அவர்களுக்கு. இது அநியாயம். கடல் நிலத்தை விழுங்கினாலும் தங்கள் நாடு நாடாகவே நிலைக்கும் என்று 2023-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.