குப்பங்களின் ஒலிச்சுற்றம்: ஓர் ஆராய்ச்சி

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்ப் பிரதேசத்தில் நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய ஊர்கள் நிலத்தால் மட்டுமன்றி ஒலியாலும் அண்டை வீட்டாராக வாழ்வதும், அதன் பயனாக ஷேர் ஆட்டோவில் ஒரு குப்பத்தைச் சொல்லி ஏறியவர் மற்றொன்றில் இறங்க நேர்வதும், மொழிநூற் பண்டிதர்களின் கடைக்கண்ணுக்கு இதுகாறும் இலக்காகாமற் போனது விந்தையே.

மேல்நாட்டாருள் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் வழியினர், சொல்லின் தலையொலி செவியிற் பட்ட மாத்திரத்தே அத்தலையுடைய சொற்கள் யாவும் மனத்தில் எழுந்து நின்று, பின்வரும் ஒலிகளால் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படும் என்பர். அவ்வாறாயின் தலை வேறான நெட்டுக்கும் காட்டுக்கும் போட்டியே இல்லை. ஆட்டோக்காரர் இதை அறியார். 1998இல் எழுதிய லூஸ், பிசோனி என்னும் இருவரோ, ஒரே ஒலியால் வேறுபடுவன அண்டைச் சொற்கள் என்றும், அண்டை மலிந்த சொல் தாமதமாகவும் பிழைபடவும் உணரப்படும் என்றும் நிறுவினர். (ஸ்பானிய மொழியில் அண்டை உபகாரமே செய்கிறதாம், அங்குள்ள அண்டை வீட்டார் நல்லவர்கள் போலும்.) நெட்டு, காட்டு என்பன நம் கணக்கில் ஓரெழுத்தாலும் அவர்தம் கணக்கில் ஈரொலியாலும் வேறுபடுதலின் அண்டையல்ல, முதலெழுத்து அளவொவ்வாமையின் யாப்பிலக்கணப்படி எதுகையுமல்ல. ஆகவே இவ்விரு குப்பங்களும் குழம்புவதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் அனுமதி கிடையாது.

இனி, சாஸ்திரம் முழு அனுமதி வழங்கும் இடம் ஒன்றுண்டு: வாளை மீனும் வாழைக்காயும். ழகரத்தின் தனிச்சிறப்பை மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, இறங்கியதும் ‘ரெண்டு வாளப்பளம்’ கேட்கும் பேராசிரியப் பெருமக்களைப் போலவே, இக்கரையிலும் ழகரம் ளகரத்திற் கரைந்துவிட்டது. இரண்டுமே மிளகாய்த்தூள் தடவி வறுக்கப்படுவன. ‘க்காய்’ என்னும் ஈற்றை அலையிரைச்சல் விழுங்கிவிட்டால் எஞ்சுவது ‘வாள வறுவல்’ ஒன்றே. எனினும் மீனுக்குப் பதிலாகக் காயை எவரும் வறுத்ததாகச் செய்தியில்லை. காரணம் செவியன்று, பஞ்சாங்கம் என்பது எமது துணிபு: புரட்டாசிச் சனிக்கிழமை விரதகாரர் வீட்டில் அச்சொல் காயையும், ஏனைய நாட்களில் மீனையும் குறிக்கும். ஆதாரம்: கூடைக்காரப் பாட்டியார், வாய்மொழி, பேரத்திற்கு நடுவே. மேலும் காண்க: அதே பாட்டியார், விலை குறைத்துக் கேட்டபின் வெளியிட்ட திருத்திய, விரிவாக்கிய பதிப்பு. இவற்றை மறுத்துத் தராசின் அப்புறமிருந்து மருமகளார் அருளிய விருத்தியுரை, கடைசி வாளையும் விற்றுப்போனமையால் முற்றுப்பெறவில்லை.