ஏழாவது வாசல்

(மதுரையில் ஒரு டீக்கடை பெஞ்ச். மாமா, முப்பது வருஷம் பை தூக்கி ஓய்வுபெற்ற தபால்காரர். மருமகன், கல்யாண போட்டோகிராபர். அச்சகத்திலிருந்து வந்த கார்டு கட்டு அவன் மடியில்.)

மருமகன்: முதல் கார்டு உங்களுக்குத்தான் மாமா.

மாமா: என்ன மாப்ளே, பேரும் இல்ல, ஊரும் இல்ல. நடுவுல எறும்பு மொய்ச்ச மாதிரி ஒரு கட்டம்.

மருமகன்: கியூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா ஒரு பக்கம் திறக்கும். இன்ஸ்டா, யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ், லிங்க்ட்இன், வாட்ஸ்அப் ஆறும் ஒரே இடத்துல!

மாமா: பழைய ஆறையும் மூடிட்டியா?

மருமகன்: அதெல்லாம் அப்படியே இருக்கு. அதுக்கெல்லாம் வழிகாட்ட இது ஒண்ணு.

மாமா: அப்ப ஏழு.

மருமகன்: அப்படி எண்ணக் கூடாது மாமா.

மாமா: எண்ணித்தானப்பா பையை மூடுவோம்.

மருமகன்: உலகமே இதைத்தான் பண்ணுது. இன்ஸ்டா பயோவுல ரொம்ப நாளா ஒரே ஒரு லிங்க்தான் போட முடிஞ்சுது. அந்த ஒத்தை வாசல்ல எல்லாத்தையும் நுழைக்கணுமேன்னு 2016ல மெல்போர்ன்ல மூணு பேர் லிங்க்ட்ரீ ஆரம்பிச்சாங்க. ஓஹோன்னு ஓடுச்சு. அப்புறம் 2023ல இன்ஸ்டாவே அஞ்சு லிங்க் வரைக்கும் விட்டுருச்சு.

மாமா: வாசலை அகலப்படுத்திட்டாங்க. அப்புறம் எதுக்கு ஏணி?

மருமகன்: ஏறிப் பழகியாச்சு மாமா.

மாமா: சரி, இதுக்கு முன்னாடி யாரும் இப்படி ஒண்ணாக் கட்டிப் பார்க்கலையா?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) 2007ல ஃபிரெண்ட்ஃபீட்னு ஒண்ணு வந்துச்சு. எங்கெங்க என்ன போட்டாலும் எல்லாம் ஒரே பக்கத்துல வந்து விழும். 2009ல ஃபேஸ்புக் அதை வாங்குச்சு. 2015ல ஷட்டரை இறக்கிடுச்சு.

மாமா: அப்புறம்?

மருமகன்: கூகுள் பிளஸ். 2011ல திறந்து, 2019 ஏப்ரல்ல மூடிட்டாங்க.

மாமா: கூகுள் வச்ச கடைக்கே எட்டு வருஷம்தான் ஆயுசு. நீ என்ன தைரியத்துல ஆயிரம் கார்டு அடிச்சே?

மருமகன்: இன்னும் கேளுங்க. 2022 டிசம்பர்ல ட்விட்டர்காரங்க, லிங்க்ட்ரீ, இன்ஸ்டா லிங்க்கை இங்க வந்து விளம்பரப்படுத்தினா கணக்கை முடக்குவோம்னாங்க. ஒரே கூச்சல். ஒரு நாளைக்குள்ள வாபஸ்.

மாமா: குடியிருக்கிறவன் தன் வேற வீட்டு விலாசத்தைச் சொன்னாலே வீட்டுக்காரனுக்குப் பொறுக்கல! இது போகட்டும். லிங்க்ட்இன்ல நீ யாரு?

மருமகன்: நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி.

மாமா: கம்பெனியில எத்தனை பேர்?

மருமகன்: நானும், லைட் பிடிக்கிற தம்பியும்.

மாமா: ஃபேஸ்புக்ல?

மருமகன்: அங்க சித்தி, அத்தை எல்லாரும் இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முருகன் படம்.

மாமா: எக்ஸ்ல?

மருமகன்: (தேநீரை ஊதுகிறான்) அது... நம்ம நடிகரை எவனாவது குறை சொன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து பதில் சொல்ற கணக்கு. பேர் இல்லாமத்தான் வச்சிருந்தேன். இந்தப் பக்கத்துல சேர்த்ததும் என் பேரோட வந்துருச்சு. போன மாசம் ஒரு பொண்ணோட அப்பா லிங்க்கைத் திறந்தார். அவர் எதிர்க்கட்சி ரசிகர் போல.

மாமா: அட்வான்ஸ்?

மருமகன்: வேற போட்டோகிராபருக்குக் குடுத்துட்டார்.

மாமா: ஒரே வீட்டுக்கு வர்ற தபால்லயே மாமியார் பேருக்கு வந்ததை மாமியார் கையிலயும், மருமக பேருக்கு வந்ததை மருமக கையிலயும் குடுத்தவன் நான். நீ எல்லாத்தையும் பிரிச்சு, ஒரே கட்டாக் கட்டித் திண்ணையில வச்சிருக்கே. ஆறு இடத்துல ஆறு ஆளா இருந்தியே, அதுல என்னப்பா குறை?

மருமகன்: ஆளுக்கொரு லிங்க் அனுப்ப சிரமமா இருந்துச்சு.

மாமா: சிரமமாத்தான் இருக்கும். 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு வந்தப்ப, ஆறு இலக்கத்தை எவன் மனப்பாடம் பண்றதுன்னு எங்களுக்கும் சிரமம்தான். இன்னிக்கும் அதே ஆறு இலக்கம். எவனும் வாங்கவும் இல்ல, மூடவும் இல்ல.

மருமகன்: சொந்தமா ஒரு டொமைன் பேர் வாங்கியிருக்கலாம். சாதாரணப் பேருன்னா வருஷத்துக்குப் பெரிய செலவில்ல. எந்தக் கடை மூடினாலும் அந்தப் பேரை வேற பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக்கலாம். ஆனா அதுவும் வாடகைதான் மாமா. புதுப்பிக்கலேன்னா அடுத்தவன் எடுத்துக்குவான்.

மாமா: வாடகைன்னாலும் பலகை உன் பேர்ல இருக்குமே. வீடு மாறினவங்க கடிதத்துல கோடு போட்டு, புது விலாசத்தை எழுதி அனுப்புவோமே, அந்த வேலைதானே? சரி, உன் கட்டம் திறக்குதான்னு பார்ப்போம். மாஸ்டர், உங்க போனைக் காட்டுங்க!

டீ மாஸ்டர்: (ஸ்கேன் செய்து) தம்பி, இதுல போட்டோ ஒண்ணும் வரலையே. பதினாலு நாள் இலவசம் முடிஞ்சுதாம், பணம் கட்டச் சொல்றான்.

மருமகன்: ஐயய்யோ! கட்டத்துல என் பக்கத்து விலாசம் இல்ல மாமா. கோடு போட்டுக் குடுத்த சைட்டோட விலாசம்தான் இருக்கு. அவன் வழியாத்தான் என் பக்கத்துக்குப் போகணும். இப்ப அவன் கதவைச் சாத்திட்டான்.

மாமா: அப்ப எட்டு.

(மருமகன் பேசவில்லை. மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார்.)

மாமா: உன் போன் நம்பரைச் சொல்லு. கார்டுக்குப் பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு?

இருட்டுவதற்குள் 212 கார்டு எழுதி முடித்தார்கள். ஆறு டீக்கான காசை மருமகன் கொடுத்தான், ரொக்கமாக.