தகவல் தெரிவிக்காத சண்டைகள்

நண்பர்களோடு நான் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் அவர்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்தவை. தொடங்கியது, முற்றியது, சமாதானம் ஆனது எல்லாம் என் தலைக்குள். எதிர்த்தரப்பு கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்.

உப்பிலியபுரத்திலிருந்து திருச்சிக்குப் படிக்கப் போனவன் நான். எங்களுக்கு நட்பின் தரம் பஸ்ஸில்தான் தெரியும். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் துறையூர் வண்டி திரும்பும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். ஒருநாள் என் நண்பன் பிடித்த இடத்தில் அவன் வகுப்புப் பையன் உட்கார்ந்திருந்தான். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். மண்ணச்சநல்லூரில் பக்கத்து சீட் காலியானது. "வாடா, உக்காரு" என்றான். "பரவால்ல" என்று துறையூர் வரை நின்றே வந்தேன். அவன் தூங்கிவிட்டான்.

மறுநாளிலிருந்து பேச்சு இல்லை. அவன் அனுப்பிய வாட்ஸ்அப்பைப் படித்துவிட்டுப் பதில் போடாமல், ப்ளூ டிக் அவனைச் சுடட்டும் என்று காத்திருந்தேன். ஸ்டேட்டஸில் துரோகத்தைப் பற்றி ஒரு வரி வைத்தேன். கைதட்டும் பொம்மை அனுப்பினான்.

இதையெல்லாம் உளவியல்காரர்கள் எப்போதோ வகை பிரித்துவிட்டார்கள். ஜான் பௌல்பியும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்தார்கள். 1991இல் பார்த்தலோமியூ, ஹொரோவிட்ஸ் என்ற இருவர் அதே பிணைப்பைத் தேடிக் கல்லூரி மாணவர்களிடம் போனார்கள். நிம்மதியாக நெருங்குபவர், ஒட்டிக்கொண்டு பதறுபவர், யாரும் வேண்டாம் என்று விலகுபவர், ஆசை இருந்தும் பயந்து ஒதுங்குபவர் என்று நாலு வகை. நான் காலையில் இரண்டாவது, சாயங்காலம் நாலாவது. அந்த ஆய்வில் மாணவரைப் பற்றி அவருடைய நண்பரிடமும் விசாரித்தார்கள். என்னைப் பற்றிக் கேட்டிருந்தால், "நல்ல பையன் சார், பஸ்ல நின்னுக்கிட்டே வர்றதுதான் அவனுக்குப் பிடிக்கும்" என்று சொல்லியிருப்பான்.

வெட்கக்கேடு என்னவென்றால், சத்திரத்துக்குப் பக்கத்து உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன் கதையைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். பெற்ற பிள்ளைகளை எதிர்த்தே போர்க்களம் வரை போனவன் அவன். புல்லாற்றூர் எயிற்றியனார் வந்து தடுத்தார். அப்படிப்பட்டவன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, பார்த்தே இராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். வருவாரா என்று மற்றவர்களுக்குச் சந்தேகம். வந்தார். இந்தக் கதையை நாடகமாக எழுதிய பாரதிதாசனுக்கு 1969ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எல்லாரும் சோழனின் நம்பிக்கையைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு உறைப்பது வேறு: தனக்கு வேண்டியதை அவன் வாய்விட்டுச் சொன்னான். நானாக இருந்தால், "உண்மையான நண்பன்னா தானா வரட்டும்" என்று ஒருவரிடமும் சொல்லாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

செமஸ்டர் முடியும்போதுதான் அந்த பஸ் நண்பனிடம், "உம்மேல கோவமா இருந்தேன்டா" என்றேன்.

"எப்போ?"

சொன்னேன். அன்றைக்கு அந்தப் பையனுக்கு நல்ல காய்ச்சலாம். நான் பரீட்சைக்குப் படிப்பதால் பேசவில்லை என்று என் நண்பன் நினைத்தானாம். என் சண்டைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

என் போன்றவர்களை நண்பராக வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம். "கோவமா?" என்று கேட்காதீர்கள், "இல்லையே" என்றுதான் சொல்வோம். "நான் என்ன பண்ணினேன்?" என்று கேளுங்கள். தேதி, நேரம், பஸ் நம்பரோடு சொல்வோம்.