பிளக் பாயின்ட் இருக்குங்களா?

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் டீக்கடையில் கேட்டேன்: "லேப்டாப் வெச்சு உக்கார்ற மாதிரி இடம் இருக்குங்களாண்ணா?"

"உக்கார்றதுக்கா?" என்றார் கடைக்காரர். கடையில் இருந்த ஒரே பிளக்கில் சாமி படத்துச் சீரியல் பல்பு மின்னிக்கொண்டிருந்தது. சாமியை அணைத்துவிட்டு மீட்டிங் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஊரின் பெருமையே தட்டுவடை செட்தான். இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட், கேரட் துருவல், சட்னி. நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிக்கிற சமாச்சாரம். அதை வைத்து நான்கு மணி நேரம் மேசை பிடிக்க முடியுமா? கடித்தால் பாதி கீபோர்டுக்குப் போகும். ஏ.சி. காபிக் கடை ஒன்று கிடைத்தது. வைஃபை பாஸ்வேர்டு பில்லில் இருந்தது, அரை மணிக்கு ஒரு பில்.

2024இல் சேலத்தில் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தார்கள். ஆனால் அது ஆபீஸ் அல்லவா! ஆபீஸ் மாதிரி இல்லாத இடத்தில்தானே நமக்கு ஆபீஸ் வேலை ஓடும்.

நாமக்கல்லுக்கு ஓடினேன். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மைக்கைத் திறந்ததும் லாரி பாடி கட்டும் பட்டறையின் சுத்தியல் சத்தம் மேனேஜர் காதில் இறங்கியது. பக்கத்து பெஞ்சில் வெள்ளை வேட்டிப் பெரியவர். கையில் பட்டன் போன். நாக்பூருக்கு ஒரு லோடு பேசினார், முட்டை விலை கேட்டார், குஜராத்தில் நிற்கும் டிரைவரைத் திட்டினார். டீ ஆறவில்லை, வேலை முடிந்தது.

எழும்போது என் மடிக்கணினியைப் பரிவோடு பார்த்தார்.

"ரிப்பேருங்களா தம்பி?"