கருத்துக் கேக்க வந்த தம்பிக்கு

வா தம்பி, குந்து. அரக்கோணத்துல ரயிலை விட்டு எறங்கி, ஷேர் ஆட்டோவுல நசுங்கி, இந்த வெயில்ல எங்க கருத்தைக் கேக்க வந்துகீறே. மொதல்ல மோர் குடி. கருத்து எங்க ஓடிடப்போவுது?

கையில இன்னா அது, டேப்லெட்டா? போன தடவை வந்த பொண்ணு காகிதம்தான் வச்சிருந்துச்சு. "தாத்தா, கம்பெனி வச்சுக் கொடுத்த ஆர்.ஓ. தண்ணி மெஷின்ல ரொம்பத் திருப்தியா, திருப்தியா, ஓரளவு திருப்தியா"ன்னு கேட்டுச்சு. "மெஷின் ஓடலியேம்மா"ன்னேன். அதுக்குக் கட்டம் இல்லியாம். பாவம், பேனாவைப் புடிச்சிக்கினு முழிச்சுது. "ஓரளவுல போட்டுக்கோ"ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். புள்ளைக்கு வேலை போயிடக் கூடாது பாரு.

நீயும் தொழிலுக்குப் புதுசு போலகீது. புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. எப்பவும் பத்து மணிக்கு மேல வா. 100 நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போறவங்க போயிருப்பாங்க. திண்ணையில குந்திக்கீற கெழடுங்கதான் மாட்டுவோம். கம்பெனி ஆளையும் ஊராட்சித் தலைவரையும் கூடவே இட்டுக்கினு வா. அவங்க மூஞ்சிக்கு நேரா எவன் குறை சொல்லுவான்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கலாமா? அப்பால கம்பெனி தர்ற தையல் மெஷின் பக்கத்து ஊருக்குப் போயிட்டா இன்னா பண்றது? முக்கியமா, இருளருங்க குடிசைப் பக்கம் போயிடாதே. உள்ளதைச் சொல்லிடுவாங்க, உன் கணக்கு கெட்டுடும்.

உன்னை எதுக்கு அனுப்புறாங்கன்னு பேரன் படிச்சுச் சொன்னான். 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிங்க மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் ஊருக்குச் செய்யணுமாம். 2021-ல ஒண்ணு சேத்தாங்க. வருசத்துக்குச் சராசரியா 10 கோடிக்குக் கொறையாம செய்ய வேண்டிய கம்பெனி, 1 கோடியும் அதுக்கு மேலயும் போட்ட வேலைக்கு வெளியாளை விட்டுப் பலன் பாக்கணும். அந்தச் செலவையும் ஒரு அளவு வரைக்கும் தர்மக் கணக்குலயே எழுதிக்கலாம்! சரி, அறிக்கை எங்க போவணும்? இயக்குநர் குழுவுக்கு, அப்பால ஆண்டறிக்கையோட சேக்கணும். எங்க ஊர்ல படிச்சுக் காட்டணும்னு ஒரு வரி இல்லை. சொல்றது நாங்க, படிக்கிறது அவங்க.

திருத்தணி தாண்டி நகரிப் பக்கம் போனா ஆந்திரா. அங்க 2006-லயே 100 நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கைன்னு ஆரம்பிச்சாங்க. கூலிக்காரங்க வூட்டுப் படிச்ச புள்ளைங்களே வருகைப் பட்டியலைத் தூக்கிக்கினு வூடு வூடாப் போவாங்க. "உம்பேர்ல இத்தினி நாள் எழுதிக்கீது, வேலைக்குப் போனியா, கூலி வந்துச்சா?" அப்பால நம்ம ஒன்றியம் மாதிரி அங்க இருக்கிற மண்டலத்துல எல்லாரையும் கூட்டிவச்சு, அதிகாரிங்க எதிர்லயே படிப்பாங்க. தின்ன காசைத் திருப்பிக் கட்டினவங்க உண்டு. எல்லாக் காசும் வந்துடலைதான். ஆனா யாரு தின்னாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சுது இல்ல? திருப்தியான்னு அந்தப் புள்ளைங்க யாரையும் கேக்கலை தம்பி. கணக்கைக் காட்டிட்டுக் கேட்டாங்க.

மோரைக் குடிச்சிட்டியா? சரி, உன் கேள்வியைக் கேளு, எல்லாத்துக்கும் "நல்லாகீது"ன்னே சொல்றேன். ஆனா ஒண்ணு. நம்ம ஊர்ல இப்போ வருசத்துக்கு 6 கிராம சபை நடக்குது. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு வா. நாங்க இன்னா சொன்னோம், நீ இன்னா எழுதினே, கம்பெனி இன்னா செஞ்சுதுன்னு மைக்குல படி. மெஷினுக்கு ஃபில்டர் மாத்துற காசு யாரு கொடுக்கணும்னு அன்னிக்கே பேசி முடிச்சிடலாம். வர்றப்போ கம்பெனி ஆளையும் இட்டுக்கினு வா, நாற்காலி நான் போடறேன்.