கேலி அல்ல, கேலிக்!

ஸ்காட்லாந்தின் 'பென் மோர்' என்றால் கேலிக் மொழியில் 'பெரிய மலை' என்றுதான் அர்த்தமாமே. இதெல்லாம் ஒரு பெயரா?

வைத்தவர்கள் மாடு மேய்த்தவர்கள். கவியரங்கத்துக்கு வந்தவர்கள் அல்ல. அங்கே பென் மோர் ஒன்றுக்கு மேல் உண்டு. அவரவர் ஊருக்கு அவரவர் மலை பெரிசு!

கெய்ர்ன்கார்ம் 'நீல மலை'யாம். பக்கத்தில் போனால் சிவப்பாக இருக்கிறதே?

பாறை இளஞ்சிவப்புக் கிரானைட். எட்ட நின்றால்தான் நீலம். அது நிற்கும் மலைத்தொடருக்குக் கேலிக் மக்கள் வைத்த பெயர் 'அம் மோனா ருவா', அதாவது செம்மலைகள். பின்னால் வந்தவர்கள் 1,245 மீட்டர் உயரமுள்ள இந்த ஒரு நீல மலையின் பெயரை மொத்தத் தொடருக்கும் சூட்டிவிட்டார்கள். பிரிட்டனில் சிவப்பு தொழிற்கட்சி, நீலம் கன்சர்வேடிவ். தேர்தல் இல்லாமலே ஆட்சி மாற்றம்!

'டெவில்ஸ் பாயின்ட்' சிகரத்தின் கேலிக் பெயரைச் சொல்ல ஏன் நெளிகிறார்கள்?

பிசாசின் எந்த உறுப்பு என்பதைக் கேலிக் பெயர் பச்சையாகச் சொல்கிறது. விக்டோரியா மகாராணி அர்த்தம் கேட்டபோது, பணியாளர் ஜான் பிரவுன் நாசூக்காக மழுப்பிய பெயர்தான் 'டெவில்ஸ் பாயின்ட்' என்று ஒரு கதை உண்டு. இதுவும் குடும்பப் பத்திரிகை. மிச்சத்துக்குக் கேலிக் அகராதியைப் புரட்டிக்கொள்ளுங்கள்.