நியாமக் பவனத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

மும்பை அணுசக்தி நகரில், நியாமக் பவனம் என்னும் மாளிகையில் எழுந்தருளியிருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தாரின் திவ்விய சமூகத்திற்கு, தென்கோடிச் சமுத்திரக் கரையில் குடியிருந்துகொண்டு மின்சாரக் கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்திவரும் ஒரு பிரஜை, அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் எங்கள் பெரியவர்களின் சம்பிரதாயம். அதில் முதற்பாதியை எழுத என் பேனா தயங்குகிறது. காற்றிலும் கடலிலும் கதிரியக்கம் கலந்திருக்கிறதா இல்லையா என்பதை மோந்து பார்த்தோ நாவில் வைத்தோ அறிந்துகொள்ளும் இந்திரியம் எதையும் பிரம்மதேவன் மானிடனுக்கு அருளாமல் விட்டுவிட்டபடியால், இவ்விடத்து க்ஷேமத்தையும் தாங்களே எங்களுக்கு எழுதித் தெரிவிக்கவேண்டிய நிலையில் இருக்கிறோம். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் ஒரு ஸ்தாபனத்தின் குலம், கோத்திரம், குடியிருப்பு ஆகியவற்றைப் பற்றிச் சிறிது விசாரித்தறிவது பிரஜையின் கடமையல்லவா? விசாரித்தேன். விசாரித்த அளவில் எனக்கு உண்டான பரவசத்தை அடக்கமாட்டாமலே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலாவதாகத் தங்கள் பிறப்பு. 1962 ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஓர் உத்தரவினால் 1983 நவம்பர் 15 ஆம் தேதி தாங்கள் அவதரித்தீர்கள். அந்த உத்தரவின்படி தாங்கள் கட்டுப்பட்டவர்கள் அணுசக்தி ஆணையத்திற்கு. அந்த ஆணையத்தின் தலைவர் யாரென்று பார்த்தால், அணுசக்தித் துறையின் செயலாளர்தாம். அணுமின் நிலையங்களைக் கட்டி நடத்தும் அணுமின் கழகம் யாருடையது என்று பார்த்தால், அதுவும் அதே அணுசக்தித் துறையுடையது. ஆக, உலையைக் கட்டுகிறவரும், அந்த உலை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறவரும் ஒரே எஜமானருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார்கள். குடியிருப்பதும் அந்தத் துறையின் பெயரைத் தாங்கிய நகரிலேயே. மாப்பிள்ளையின் தகப்பனாரே ஜோசியராக அமைந்துவிட்டால் பொருத்தம் பார்ப்பதில் பெண் வீட்டாருக்கு எவ்வளவு சிரமம் குறையுமோ, அவ்வளவு சிரமத்தைத் தாங்கள் தேசத்திற்குக் குறைத்திருக்கிறீர்கள்.

இந்தச் சௌகரியத்தின் அருமை தெரியாதவர்கள் அந்நிய தேசங்களில் உண்டு. அமெரிக்கர்கள், அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையத்தின் கையில் இருப்பது தகாது என்று எண்ணி, 1974 இல் சட்டம் இயற்றி அதை இரண்டாகப் பிளந்தார்கள். ஜப்பானியர்கள் நம்மைப் போல் குடும்பப் பாங்கானவர்கள். தங்கள் கண்காணிப்பு நிறுவனத்தை, அணுமின்சாரத்தைப் பெருக்கும் பொறுப்புடைய அதே அமைச்சகத்தின் மடியிலேயே வைத்து வளர்த்தார்கள். 2011 இல் ஃபுகுஷிமாவில் கடல் உள்ளே வந்தது. அவர்களுடைய பாராளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு அதை மனிதர் விளைவித்த விபத்து என்று எழுதியது. கண்காணிக்கிறவருக்கும் கண்காணிக்கப்படுகிறவருக்கும் இருந்த கூட்டுறவையும் அதற்குக் காரணமாகச் சொல்லியது. 2012 இல் பழைய நிறுவனத்தைக் கலைத்துவிட்டுப் புதியதொன்றைத் தனியே அமைத்தார்கள். நாமும் அணுப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, 2005 இல் அதை உறுதியும் செய்தவர்கள்தாம். வளர்க்கும் வேலையும் கண்காணிக்கும் வேலையும் வெவ்வேறாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருப்பதை யாராவது வாசித்துப் பார்த்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

உள்நாட்டிலும் அசூயைக்காரர்கள் இல்லாமலில்லை. 2012 இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பிறந்து ஏறக்குறைய முப்பது வருஷங்களாகியும் கதிரியக்கப் பாதுகாப்புக்கென்று தாங்கள் ஒரு கொள்கையை வகுக்கவில்லை என்றும், தங்கள் அதிகாரம் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரமாகவே இருக்கிறது என்றும் அவர் குறை கூறினார். விதிகளை மீறுகிறவர்களுக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் ஐந்நூறு ரூபாய் என்பதும் அவர் கண்ணில் பட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஏட்டையாவிடம் தண்டம் அழுகிற தொகைக்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தை நினைக்கும்போது, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் தத்துவம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் நிலைநாட்டப்பட்டதில்லை என்று தோன்றுகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு இருந்தது. தேசத்திலிருந்த 57,443 எக்ஸ்ரே கூடங்களில் 52,173 கூடங்கள் தங்களிடம் பதிவு பெறாமலே நடந்துகொண்டிருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. தாங்கள் ஒருவேளை இத்தகைய கூடத்தினுள் பிரவேசித்திருக்க மாட்டீர்கள், ஆகையால் வர்ணிக்கிறேன். எங்கள் தாலுகா பஸ் நிலையத்தின் பின்புறத்தில், செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவில், பத்துக்குப் பத்தில் ஓர் அறை. கதவிருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு வெளியே போட்ட மரப்பெஞ்சில், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி தன் மாமியாரின் இடுப்பெலும்புப் படத்துக்காகக் காத்திருக்கிறாள். படம் எடுக்கும் இளைஞன், "மூச்சைப் பிடிங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சுவர் மறைவுக்கு ஓடுகிறான். ஈயத் தகடு, அளவுமானி, தங்கள் திருநாமம் இவற்றில் ஒன்றையும் அங்கே கண்டாரில்லை. மாநிலந்தோறும் கதிரியக்கப் பாதுகாப்பு இயக்ககம் ஒன்று நிறுவவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 இல் சொல்லியிருந்தது. பத்து வருஷங்கள் கழித்துத் தணிக்கையாளர் வந்து பார்த்தபோது கேரளமும் மிசோரமும் மாத்திரமே சொன்னதைச் செய்திருந்தன.

பதிவேட்டிலிருந்து ஒரு பொருள் நழுவினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு டில்லி மாயாபுரியே சாட்சி. பல்கலைக்கழகமொன்றின் ரசாயனத் துறையில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட் கருவி 2010 இல் பழைய சாமான்களோடு ஏலத்தில் போய், இரும்புக் கடையில் பிளக்கப்பட்டு, ஒரு தொழிலாளியின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதற்கு முந்திய நவம்பரில் கைகா அணுமின் நிலையத்தில், தாகத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் குளிர்நீர் இயந்திரத்திலேயே டிரிட்டியம் கலந்த கனநீரை யாரோ ஊற்றிவைக்க, ஐம்பதுக்கு மேற்பட்ட ஊழியர்கள் அதைக் குடித்தார்கள். அவர்களுடைய சிறுநீரைப் பரிசோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

தங்கள் பீடத்திலிருந்தவர்களில் எல்லோரும் மௌனிகள் என்று நான் சொல்லத் துணியவில்லை. 1993 முதல் 1996 வரை தலைவராயிருந்த டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன், தேசத்து அணு நிலையங்களில் தீர்க்கப்படாமல் கிடந்த பாதுகாப்புக் குறைகள் ஏறக்குறைய 130 ஐத் தொகுத்து அறிக்கையாக்கினார். பதவி முடிந்து வெளியே வந்தபின் உரக்கவும் பேசினார். அறிக்கை ரகசியமாகப் பத்திரப்படுத்தப்பட்டது. 2000 இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் அதைச் சேர்ந்த கூடங்களையும் தங்கள் மேற்பார்வையிலிருந்தே விலக்கிவிட்டார்கள். அந்த மையம் தன்னைத்தானே மேற்பார்வை பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடாயிற்று. 2003 ஜனவரியில் எங்கள் கல்பாக்கத்திலுள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் வரம்புக்கு மிஞ்சிய கதிரியக்கத்துக்கு ஆளானபோது, அந்த ஆலை அம்மையத்தைச் சேர்ந்ததாகையால், தங்கள் அதிகார எல்லைக்கு அப்பால் இருந்தது. குற்றம் தங்களுடையதன்று என்று நிரூபிக்க இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

இவ்வளவும் பேசுகிற ஆசாமி அணுமின்சாரத்துக்குப் பரம விரோதி என்று தாங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்த்தவன் நான். அணு உலை மின்சாரம் ஆக்கும்போது கரியமில வாயுவைக் கக்குவதில்லை என்பது உண்மை. கூடங்குளத்தின் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டும் எங்கள் வீட்டு விசிறியைச் சுழற்றுகின்றன என்பதும் உண்மை. என் மனஸ்தாபம் வேறு. உலையின் வால்வு எப்படியிருக்கிறது என்று கேட்டால் பூமியின் வெப்பம் உயர்வதைப் பற்றிப் பதில் சொல்லுகிறார்கள். எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால், 2047 ஆம் ஆண்டுக்குள் நூறு கிகாவாட் என்கிறார்கள். இன்றைக்குத் தேசத்தின் அணுமின் திறன் ஒன்பது கிகாவாட்டைக்கூட எட்டவில்லை. இரண்டு தலைமுறைக்கு மேல் பிரயாசைப்பட்டு எட்டியது இவ்வளவு. இதைப் பதினோரு மடங்குக்கு மேல் பெருக்கப்போகிறவர்களுக்குத் துணிந்து குறுக்கே நிற்கக்கூடிய ஒரு காவலர் இன்றைக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு அவசியமல்லவா? கூடங்குளத்துக்குப் போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில், காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஆடி மாதத்துக் காற்றில் அவற்றை நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலிக்கும். அவற்றைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்ட வட்டம் வரைந்து, ஜனங்களை லாரியில் ஏற்றி ஒத்திகை பார்க்கவேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அவற்றுக்கென்று ஒரு வாரியத்தை நியமித்து, நியமித்த வாரியத்தை நியமித்தவருக்கே அடங்கியிருக்கும்படி செய்யும் சிரமம் யாருக்கும் நேரவில்லை.

எரிந்து தீர்ந்த எரிபொருள் என்றேனே, அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்த மீனவப் பெண்கள். ஆயிரக்கணக்கானவர் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டுப் பதில் சொல்லப்பட்டது. 2013 மே 6 ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், பதினைந்து கட்டளைகளை இட்டு, வழக்குகளை வாபஸ் பெற முயலும்படியும், தீர்ந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து வருஷத்துக்குள் அமைக்கும்படியும் சொல்லியது. ஐந்து வருஷம் முடிந்ததும் இன்னும் அவகாசம் கேட்டு, 2022 வரை வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு விந்தையும் அதே நிலையத்தில் நடந்தது. 2019 அக்டோபர் 29 ஆம் தேதி, நிலையத்தின் மேல் இணையவழித் தாக்குதல் என்னும் செய்தி பொய், அதன் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகளுக்குள் அந்நியர் நுழைவது சாத்தியமே இல்லை என்று எழுத்து மூலம் அறிவித்தார்கள். 30 ஆம் தேதி, நிர்வாக வேலைக்கான கணிப்பொறி ஒன்றில் வேவு நிரல் இருந்தது மெய்தான் என்றும், செப்டம்பரிலேயே தெரியவந்தது என்றும் அறிவித்தார்கள். பொய்யென்று சொன்ன செய்தி ஒரே இரவில் பழைய சமாசாரமாகிவிட்டது.

தங்களுக்குச் சுதந்திரம் தர யாரும் முயலவில்லை என்று சொன்னால் அபாண்டமாகும். ஃபுகுஷிமாவின் சூடு ஆறுமுன், 2011 செப்டம்பரில், அணுப் பாதுகாப்புக்குத் தனி அதிகார சபை ஒன்றை ஏற்படுத்தும் மசோதா மக்களவையில் பிரவேசித்தது. 2014 வரை அங்கேயே காத்திருந்து, அவ்வவையின் ஆயுளோடு தானும் ஆயுளை முடித்துக்கொண்டது. மறுவருஷம் சர்வதேச அணுசக்தி முகமையிலிருந்து வந்து பார்த்த நிபுணர்களும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே பதித்துவிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு 2025 டிசம்பரில் அணுசக்தியைத் தனியாருக்குத் திறந்துவிடும் மசோதா வந்தது. அது மூன்று வருஷம் காத்திருக்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு சபைகளையும் கடந்தது. 1962 ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டம், 2010 ஆம் வருஷத்து அணு விபத்து நஷ்டஈட்டுச் சட்டம் ஆகிய பழைய இரண்டு சட்டங்களும் அதனால் மறைந்தன. பழுதான கருவியை விற்றவரிடம் நஷ்டஈடு கோரலாம் என்று 2010 சட்டத்தில் இருந்த வழியும் உடன் மறைந்தது. தங்களுக்கும் அதில் பங்கில்லாமல் போகவில்லை. சட்டபூர்வ அந்தஸ்து என்னும் பட்டு உத்தரீயம் கிடைத்திருக்கிறது, வாழ்த்துக்கள். ஆனால் தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவை அமைக்கப்போகிறவர் யாரென்று புரட்டிப் பார்த்தேன். அணுசக்தி ஆணையந்தான்.

இதன் நிமித்தம் தங்களை நான் வேண்டிக்கொள்வது பெரியதொன்றுமில்லை. இனி உலை கட்டப்போகும் தனவந்தர்கள், இதுவரை கட்டியவர்களைப் போல் அதே இலாகாவைச் சேர்ந்தவர்களல்லர். ஆகையால் அவர்களிடமாவது முகதாட்சண்யம் பார்க்காமல், ஒரே ஒரு தரம், "அனுமதி கிடையாது" என்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்தக் காகிதத்தை ஜனங்கள் வாசிக்கும்படி வெளியிட வேண்டும். எங்கள் தாலுகாவில் அதைத் தமிழிலும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதற்கான பசைச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

பதிலுக்காக என் விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய உறை ஒன்று இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பதிலைத் தாங்கள் யாரிடம் காட்டி அனுமதி பெறவேண்டுமோ அவருக்கு முதலில் அனுப்புவதற்கென்று, விலாசம் எழுதாமல் இன்னோர் உறையும் வைத்திருக்கிறேன். விலாசம் தங்களுக்கே தெரியும், அதிக தூரமுமில்லை.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
இராதாபுரம் தாலுகாவைச் சேர்ந்த ஒரு பிரஜை